மெஷின் மட்டும் வந்தா போதுமா?

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்குப் புது மெஷின் வருதுன்னு வெச்சுக்குவோம். லாரியில் மெஷின் மட்டும் வந்தா வேலை நடக்காது. அதைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, நம்ம ஆளுங்களுக்குக் கை பழகும்வரை கூட நிற்க நாலு பேர் வரணும். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்யும் வளர்ச்சி உதவியும் இப்படித்தான். பணம், கருவி கொடுப்பது ஒரு வகை. பல்கலைக்கழகங்களையும் அரசு நிறுவனங்களையும் இறக்கி ஆட்களைத் தயார் செய்வது இன்னொரு வகை. இரண்டாவதுக்கு நல்ல உதாரணம் சென்னை ஐஐடி.

1956-ல் நேரு மேற்கு ஜெர்மனி சென்றபோது, இந்தியாவில் ஓர் உயர் தொழில்நுட்ப நிறுவனம் அமைக்க அந்நாடு உதவ முன்வந்தது. 1959-ல் பான் நகரில் ஒப்பந்தம். அதே ஆண்டு ஜூலை 31-ல் ஐஐடி தொடங்கியது. ஆய்வுக்கூடக் கருவிகள் வந்தன, பேராசிரியர்கள் வந்தார்கள். கூடவே ஒர்க்ஷாப் ஃபோர்மேன்களும் வந்தார்கள் பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம்! நம் ஆசிரியர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். (கான்பூருக்கு 9 அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், பம்பாய்க்கு யுனெஸ்கோ வழியாக சோவியத், டெல்லிக்குப் பிரிட்டன். அது தனிக் கதை.)

1973-ல் ஐபிஎம் 370 கம்ப்யூட்டரும் ஜெர்மன் உதவியில் வந்தது. இன்று உங்க கையில் இருக்கும் போன் அதைவிடப் பல மடங்கு வேகம். அந்தக் கம்ப்யூட்டர் எப்பவோ பழசாயிடுச்சு. அதில் படிச்சவங்க அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தது மட்டும் பழசாகலை.

இதுக்கு நேர்மாறாவும் பார்த்திருக்கேன். ஒரு கல்லூரி லேபில் (பேர் வேண்டாம்) விலை உயர்ந்த மெஷின் ஒண்ணு உறை போட்டே நிற்குது. ஓட்டத் தெரிஞ்சவர் வேற வேலைக்குப் போயிட்டார், அவ்வளவுதான்.

இப்போ நாமும் கொடுக்கிற இடத்தில் இருக்கோம். 1964-ல் தொடங்கிய ஐடெக் திட்டத்தில் வளரும் நாடுகளின் அலுவலர்கள், ஆசிரியர்கள் இந்திய அரசின் செலவில் இங்கே வந்து குறுகிய காலப் படிப்பு முடிக்கிறாங்க. தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனமும், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனமும் இப்படிப் பயிற்சி தருகின்றன. 2023-ல் சென்னை ஐஐடியே தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. இயக்குநர் பிரீத்தி அகலாயம், ஐஐடி ஒன்றின் முதல் பெண் இயக்குநர். அங்கே மாணவர்கள் கட்டணம் கட்டித்தான் படிக்கிறாங்க, அதனால் முழுக்க உதவின்னு நான் சொல்ல மாட்டேன். அங்கே படிச்சவங்களே அங்கே ஆசிரியராகிறாங்களா என்பதை வெச்சுத்தான் மார்க் போடணும்.

நம்மகிட்ட கொடுக்க என்ன இருக்குன்னு யோசிச்சேன். பெரம்பலூர் விவசாயி சின்ன வெங்காயத்தை அழுகாமல் பட்டறை போட்டு மாசக்கணக்கில் வெச்சிருக்காரே, அதில் காற்று எப்படிப் போய் வருதுன்னு அளந்து எழுத ஒரு ஃபைனல் இயர் பிராஜெக்ட் போதும். மழையை நம்பிப் பயிர் வைக்கும் ஆப்பிரிக்க ஊர்களிலும் வெங்காயம் விளையுது. மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் யாராவது சேர்றீங்களா?