செவ்வாய்க்கிழமை வேலை

அன்புள்ள நிவேதாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ கேட்டிருக்கிற கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொன்னால் அது பாதிப் பதிலாகப் போய்விடும். அதனால் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மகாராஷ்டிராவில் ஹிங்கோலி மாவட்டத்து ஔண்டாவில் ஈர்ப்பலைக் கூடம் வரப்போகிறது, படித்து முடித்து அங்கே வேலைக்குப் போக ஆசை என்று எழுதியிருந்தாய். ‘அங்க போனாலும் உனக்கு மெஷின் துடைக்கிற வேலைதான் குடுப்பாங்க’ என்று டியூஷனில் ஒரு அண்ணன் சொன்னதையும் எழுதியிருந்தாய். அது உண்மையா என்று கேட்கிறாய்.

உண்மைதான் அம்மா. அங்கே யார் போனாலும் துடைக்கிற வேலை உண்டு. முனைவர் பட்டம் வாங்கியவரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு துடைக்கிறார். அது என்ன வேலை, ஏன் அவ்வளவு பெரிய வேலை என்பதைச் சொல்கிறேன். பிறகு அந்த டியூஷன் அண்ணன் சொன்னதை நீயே எடைபோட்டுக்கொள்.

இந்த மாதிரிக் கூடங்கள் அமெரிக்காவில் இரண்டு இருக்கின்றன. ஒன்று வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டில், மற்றது லூசியானாவின் லிவிங்ஸ்டனில். லைகோ என்று பெயர். வானத்திலிருந்து பார்த்தால் நம் ‘ட’ எழுத்தைப் போல இருக்கும். இரண்டு கை, ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர். மூலையில் லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து இரு கைகளிலும் அனுப்புகிறார்கள். கடைக்கோடியில் தொங்கும் கண்ணாடியில் பட்டு அது திரும்பி வருகிறது. எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால் அங்கிருந்து ஈர்ப்பலை கிளம்பி, நம்மைக் கடக்கும்போது ஒரு கையைத் துளி நீட்டி மற்றதைத் துளி சுருக்கும். அந்தத் துளி என்பது ஒரு புரோட்டானின் அகலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதற்கு உவமை தேடி நானும் பல நாள் யோசித்திருக்கிறேன், கிடைக்கவில்லை. எண்ணாகவே வைத்துக்கொள்.

ஒளி போகும் குழாய் 1.2 மீட்டர் அகலம். உள்ளே காற்று இருந்தால் ஒளி தடுமாறும். ஆகவே காற்றை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். வெளியில் இருக்கும் காற்றழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் உள்ளே. இந்த இடத்தில்தான் உன் பெரியப்பாவின் தொழில் வருகிறது. நான் முப்பது வருடம் பார்த்தது வெற்றிடக் கலங்களில் கசிவு தேடுகிற வேலை. வெல்டிங் தையலின்மேல் ஹீலியம் வாயுவைப் பென்சில் முனை அளவுக்கு ஊதிக்கொண்டே நகர வேண்டும். ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே புகும், உள்ளே பொருத்திய கருவி சொல்லிவிடும். அவசரப்பட்டால் ஓட்டையைத் தாண்டிப் போய்விடுவாய். உங்கப்பா மீன்பிடிக்கும் பாடு முறை இல்லாத நாளில் வேப்பமரத்தடியில் வலையை மடியில் போட்டு, ஒவ்வொரு கண்ணியாக விரலில் தள்ளிக்கொண்டே பேத்தை மீன் கடித்த இடத்தைத் தேடுவாரே, அதே வேகம்தான். அந்த வேகத்தை எனக்கு எந்தப் பயிற்சிப் பள்ளியும் கற்றுத்தரவில்லை. உங்க தாத்தாவிடம் பழகிக்கொண்டு போனேன்.

ஒருமுறை நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கலம் அழுத்தம் இறங்கவே மாட்டேன் என்றது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, முள் ஒரே இடத்தில் நிற்கிறது. எல்லாத் தையலையும் ஊதிப் பார்த்தோம். மூன்றாம் நாள் மூடியைக் கழற்றினால், ரப்பர் வளையத்தின்மேல் குறுக்கே ஒரு தலைமுடி. மூடிய அன்று துடைத்தவன் நான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த மூடியையும் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்க்காமல் நான் மூடியதில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். லைகோ ஓடும் காலங்களில் வாரத்தில் பெரும்பாலான நேரம் யாரும் அதன் கிட்டேயே போவதில்லை. அது கேட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நடந்தாலே அதிரும். செவ்வாய்க்கிழமை காலை 8 மணியிலிருந்து நண்பகல்வரை, நான்கு மணி நேரம் மட்டும் பராமரிப்புக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். வாரம் முழுக்கச் சேர்ந்த வேலை அந்த நான்கு மணி நேரத்தில் நடக்க வேண்டும். லேசரைக் குளிர்விக்கும் தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றுவார்கள். பம்புகளைக் கைவைத்துப் பார்ப்பார்கள். திரவ நைட்ரஜன் லாரி வரும். கிரேனை நகர்த்துவது, கேபிள் மாற்றுவது, தரையைத் துடைப்பது எல்லாம் அப்போதுதான். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வெளியே. எதைத் தொட்டோம், எத்தனை மணிக்குத் தொட்டோம் என்று ஒவ்வொருவரும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். நாளைக்குத் தரவில் ஒரு புடைப்பு தெரிந்தால் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.

எல்லோரும் வெளியேறிவிட்டால் உடனே கேட்கத் தொடங்கிவிடாது. எல்லாக் கண்ணாடிகளையும் ஒளி சரியாகக் கூடும் நிலைக்கு மறுபடி கொண்டுவந்து பிடித்து நிறுத்த வேண்டும். அதை ‘லாக்’ என்கிறார்கள். நல்ல நாளில் ஒரு மணி நேரத்துக்குள் பிடித்துவிடலாம். மோசமான நாளில் பிடிப்பதும் நழுவுவதுமாகவே பொழுது போய்விடும். உலகத்தின் மறுகோடியில் பெரிய நிலநடுக்கம் வந்தாலும் லாக் போய்விடும்.

நிலநடுக்கம்கூட எப்போதாவது வருவது. ஓயாத தொந்தரவு நம் கடல்தான். நீ தினமும் கேட்கிற அலை கரையை அடிக்கும்போது தரை அதிர்கிறது. நடுக்கடலில் எதிரெதிர் வரும் அலைகள் சந்தித்தாலும் கடலடித் தரை அதிர்கிறது. அந்த அதிர்வு நிலத்துக்குள் நெடுந்தூரம் போகும், மூன்றிலிருந்து பத்து விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் தரையை மெல்ல ஆட்டும். ஹான்ஃபோர்டு கடற்கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. அங்கேயே பனிக்காலத்தில் பசிபிக் கொந்தளித்தால் லாக் பிடிப்பது சிரமம். ஔண்டா அரபிக்கடலிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தக்காணத்தின் பாறைமேல் இருக்கிறது. தரை அமைதியாக இருப்பது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனாலும் மிக்ஜாம் மாதிரி ஒரு புயல் வங்கக்கடலைக் கலக்கும்போது அங்கே இரவுப் பணியில் இருப்பவருக்குத் திரையில் தெரியும். நம் முகத்துவாரத்தில் மணலை வாரிக் கொட்டுகிற அதே கடல் அது. அந்த இரவில் அங்கே உட்கார்ந்திருப்பவர் கடலை அறிந்தவராக இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

காற்றும் சும்மா விடாது. ஹான்ஃபோர்டு ஒரு பொட்டல்காடு. பலமாகக் காற்றடித்தால் கட்டடமே இம்மி சாயும், தரையும் கூடச் சாயும். அதைத் தணிக்கக் கைகளின் கோடியில் வலைத்துணியால் உயர்ந்த வேலி கட்டியிருக்கிறார்கள். பிரபஞ்சத்தைக் கேட்கிற கூடத்தில் ஒரு வலை நிற்கிறது, அதற்கும் கிழிசல் பார்க்க ஆள் வேண்டும். இன்னொன்று: நம் மணல்மேட்டில் இராவணன் மீசைப் பந்துகள் காற்றில் உருண்டோடுமே, சின்ன வயதில் நீ பின்னாலேயே துரத்துவாய். அது மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிய முள்செடிகள் அங்கே உருண்டு வந்து குழாயின் ஓரம் மலையாய்க் குவிந்துவிடும். வழியை அடைக்கும், தீப்பிடித்தால் ஆபத்து. இயந்திரம் வைத்துக் கட்டுக் கட்டாக அழுத்தி அகற்றுகிறார்கள்.

அண்டங்காக்கை கதையையும் கேள். 2017 கோடையில் ஹான்ஃபோர்டு தரவில் விட்டு விட்டு ஒரு தட்டல் வந்தது. எந்த நட்சத்திரமும் அப்படித் தட்டாது. தேடிப் போனவர்கள் ஒரு கையின் கோடியில், திரவ நைட்ரஜன் குழாயின்மேல் உறைந்திருந்த பனியில் கொத்திய தடங்களைக் கண்டார்கள். தாகமெடுத்த அண்டங்காக்கைகள் அந்தப் பனியைக் கொத்தித் தின்றிருக்கின்றன. தாங்களும் அதே மாதிரி தட்டிப் பார்த்து, தரவில் அதே அடையாளம் விழுகிறதா என்று உறுதிசெய்துகொண்டார்கள். பிறகு பனி படியாதபடி குழாய்க்கு உறை போட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்தத் தட்டிப் பார்த்ததுதான். காக்கைதான் காரணம் என்று ஊகித்தவுடன் திரும்பிவிடவில்லை பார்.

துடைப்பது என்றேனே, அதைக் கிட்டத்தில் காட்டுகிறேன். கண்ணாடி ஒவ்வொன்றும் 40 கிலோ, ஒரு சாண் கனம், 34 சென்டிமீட்டர் அகலம். அதன்மேல் ஒரு தூசி இருந்தால் லேசர் அந்த இடத்தைச் சுட்டு, கண்ணாடியின் வடிவத்தையே மாற்றிவிடும். துணியால் தேய்த்தால் கீறிவிடும். அதனால் ஒரு திரவத்தைத் தூரிகையால் பூசி, காயவிட்டு, தோலாக உரித்தெடுக்கிறார்கள். தூசி அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நீ உள்ளங்கையில் ஃபெவிகால் தடவிக் காய்ந்ததும் உரிப்பாயே, அம்மாவிடம் திட்டு வாங்குவாயே, அதேதான். நடுவில் கிழியாமல், ஒரே இழுப்பில், மூச்சுக்காற்று படாமல் உரிக்க வேண்டும்.

அந்தக் கண்ணாடியைத் தாங்குவது நான்கு கண்ணாடி இழைகள். ஒவ்வொன்றும் 0.4 மில்லிமீட்டர், தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி அளவு. இத்தாலியில் பைசா நகரத்துக்குப் பக்கத்தில் விர்கோ என்று இன்னொரு கூடம், கை 3 கிலோமீட்டர். அங்கே இந்த இழைகள் திடீர் திடீரென்று அறுந்தன. யாரும் தொடவில்லை. பல மாதம் தேடியபிறகு, காற்றை உள்ளே விடும்போது வெற்றிடக் கருவிகளிலிருந்து வந்த நுண்துகள்கள் இழையில் மோதியதுதான் காரணம் என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் எஃகுக் கம்பியில் கண்ணாடிகளைத் தொங்கவிட்டு, 2017 ஆகஸ்ட் 1 அன்று லைகோவோடு சேர்ந்தார்கள். அதே மாதம் 14ஆம் தேதி மூன்று கூடங்களும் சேர்ந்து ஒரு கருந்துளை மோதலைப் பிடித்தன. 17ஆம் தேதி இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்தது. மூன்றாவது காது இருந்ததால்தான் அது வானத்தில் எந்தத் திசை என்று அவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிந்தது, தொலைநோக்கிகளை அங்கே திருப்ப முடிந்தது. கம்பியோடு ஒப்பேற்றியவர்களை நான் மனதார மெச்சுகிறேன். 2018இல் துகள் புகாதபடி சரிசெய்து, கண்ணாடி இழைகளையே திரும்ப மாட்டினார்கள்.

புதுப்பிக்கிற வேலையைப் பற்றியும் கேட்டிருந்தாய். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, எஞ்சினைப் பிரித்து மாட்டுவதைப் பார்த்திருக்கிறாய். லைகோவும் அப்படித்தான், ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே கரையேறும். 2002இலிருந்து 2010வரை ஓடிய முதல் லைகோ ஒரு அலையைக்கூடப் பிடிக்கவில்லை. எட்டு வருடம் வெறும் வலை. ஆனால் அந்த எட்டு வருடத்தில் சத்தம் எங்கெங்கிருந்து வருகிறது என்று அக்குவேறு ஆணிவேறாகக் கற்றுக்கொண்டார்கள். பிறகு உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு, 11 கிலோ கண்ணாடிக்குப் பதில் 40 கிலோ, எஃகுக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை என்று புதிதாகப் பொருத்தினார்கள். குழாய் மட்டும் பழையதுதான்.

2015 செப்டம்பர் 13 இரவு லிவிங்ஸ்டனில் ராபர்ட் ஸ்கோஃபீல்டு, அனமரியா எஃப்லர் என்ற இருவர் கடைசிச் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். தட்டுவது, கத்துவது, அதிரவைப்பது, ஒவ்வொன்றுக்கும் கருவி என்ன சொல்கிறது என்று குறிப்பது. விடிகாலை 4 மணி ஆகிவிட்டது. பக்கத்தில் லாரி பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கிற ஒரு சோதனை மட்டும் பாக்கி. களைத்துப்போய், போதும் என்று அதை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். 4.50க்கு அலை வந்தது. 130 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து, மனிதன் பிடித்த முதல் ஈர்ப்பலை. லிவிங்ஸ்டனில் பட்டு 7 மில்லி விநாடி கழித்து ஹான்ஃபோர்டில் பட்டது. கருவி தன் குறைகளையெல்லாம் ஒப்புவித்து முடித்திருந்ததால்தான், வந்தது காக்கையோ லாரியோ இல்லை என்று துணிந்து சொல்ல முடிந்தது. 2016 பிப்ரவரி 11 அன்று உலகத்துக்கு அறிவித்தார்கள். 

ஆறு நாள் கழித்து, 17ஆம் தேதி, நம் அரசு லைகோ-இந்தியாவுக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு முழு ஒப்புதல். இந்தோரின் ஆர்ஆர்கேட் ஆய்வு மையம், காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், புனேயின் ஐயூகா வானியல் மையம், அணுசக்தித் துறையின் கட்டுமானப் பிரிவு ஆகியவை சேர்ந்து செய்கின்றன. கருவியின் உள்பாகங்கள் அமெரிக்காவிலிருந்து வரும். 4 கிலோமீட்டர் குழாயும் அதன் வெற்றிடமும் நம் பொறுப்பு. 2030 வாக்கில் முடிக்கத் திட்டம். நம் பக்கத்திலேயே சிறுசேரி கணிதக் கழகத்திலும் ஐஐடி மெட்ராஸிலும் ஈர்ப்பலை ஆராய்ச்சி நடக்கிறது. கணக்குப் போடுகிறவர்களும் வேண்டும், வெல்டிங் தெரிந்தவர்களும் வேண்டும். நீ எந்தக் கதவு வழியாகப் போகிறாய் என்பதைப் பிளஸ் டூ முடித்துப் பேசுவோம்.

அதுவரை ஒரு வேலை தருகிறேன். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தரையில் வை. கடையில் விற்கிற சின்ன லேசர் விளக்கைச் செங்கல்மேல் அசையாமல் கட்டி, தண்ணீரில் பட்டு எதிர்ச்சுவரில் விழும்படி சாய்த்து வை. கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது, தம்பியைக் கிட்டே விடாதே. ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு அந்தப் புள்ளியைப் பார். நீ நடந்தால் நடுங்கும், தெருவில் வண்டி போனால் நடுங்கும், காரணமே தெரியாமலும் நடுங்கும். ஒரு நோட்டில் மணியைப் போட்டு ஒவ்வொன்றையும் எழுது. காரணம் தெரியாததை விட்டுவிடாமல் ‘தெரியவில்லை’ என்றே எழுதி, மறுநாள் தேடு. கண்டுபிடித்தால் அதே மாதிரி நீயும் ஆட்டிப் பார்த்து உறுதிசெய். பிறகு தாம்பாளத்துக்கு அடியில் சாக்கு, மணல், பழைய டியூப் என்று எதையாவது வைத்து நடுக்கத்தைக் குறைக்கப் பார். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் எழுது.

செவ்வாய்க்கிழமை தோறும் அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாவுக்கு இந்த முறை பாடு எங்கே விழுந்தது என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
பெரியப்பா