மிதிக்கக் கனக்கும் ஆக்சிலேட்டர்: பழைய வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

மாருதி 800 தயாரிப்பு 2014ல் நின்றது. 1984ல் வந்த ஆம்னி வேன் 2019 வரை ஓடி நின்றது. ஆனால் நம் பகுதித் தெருக்களில் இரண்டும் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றுவது, கல்யாண வீட்டுக்குத் தேக்சா கொண்டுபோவது, நள்ளிரவில் நோயாளியைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்ப்பது எல்லாம் இவற்றில்தான். ஆகவே இந்த வண்டிகளில் நாம் அலட்சியப்படுத்தும் ஒரு கோளாறைப் பற்றி எழுதுகிறேன்.

என் மச்சானின் ஆம்னியில் ஆக்சிலேட்டர் பெடல் மாதக்கணக்கில் கனத்துக் கிடந்தது. கேட்டால், "காலுக்குப் பயிற்சிதானே மச்சான்" என்பார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அனுப்பினார்கள். பத்து நாள் இலகுவாக இருந்தது, பிறகு பழையபடி. ஒருநாள் காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடி வரும் வழியில், முள்ளக்காடு தாண்டி ஓர் உப்பு லாரியை முந்த அழுத்தி மிதித்திருக்கிறார். காலை எடுத்தும் பெடல் மேலே வரவில்லை. பின்சீட்டில் பிள்ளைகள். கிளட்சை மிதித்து, பிரேக்கை அழுத்தி, ஓரத்தில் நிறுத்தி, சாவியை அணைத்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றுமில்லை. கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது உள்கம்பியில் மூன்று இழை அறுந்து, மீன்முள் போல விரிந்து, உறைக்குள் குத்தி நின்றது.

பெடல் கனப்பது கால்வலி மட்டுமல்ல, நாளை அது திரும்பாமல் போகும் என்பதற்கான முன்னறிவிப்பு. அதற்கான காரணம் கேபிளின் அமைப்பில் இருக்கிறது. மெல்லிய இரும்பு இழைகளை முறுக்கிய கம்பி ஒன்று உறைக்குள் ஓடுகிறது. நாம் மிதித்தால் அது இழுத்து, கார்பரேட்டரின் வால்வைத் திறக்கிறது. மூடுவது கம்பியின் வேலை அல்ல, ஸ்பிரிங்கின் வேலை. நம் கால் எவ்வளவு இறுக்கத்தையும் அழுத்திவிடும். சின்ன ஸ்பிரிங்கால் அது முடியாது. எனவே மிதிக்க முடிகிறதே என்று நம்பக்கூடாது.

நம் ஊரில் இது சீக்கிரம் வருகிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது நம் மாவட்டத்தில். திருச்செந்தூர் சாலையில் இரு பக்கமும் உப்பளம். கோடையில் பறக்கும் தூசியில் உப்பு, கடற்காற்றில் உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறையின் முனை ரப்பர் கிழிந்திருந்தால் அது உள்ளே போய்த் துருவாகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் கம்பிக்கும் உறைக்கும் நடுவில் இருந்த இடைவெளி அடைபடுகிறது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் போதும். எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். (ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்க வேண்டும்.) கார்பரேட்டர் பக்கம் கேபிளின் முனையைக் கழற்றிவிட்டு, அங்குள்ள லீவரை விரலால் திறந்து விடுங்கள். டக்கென்று மூடினால் கார்பரேட்டர் நலம். மெதுவாக வந்தால் உள்ளே கரி படிந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதற்குக் கேபிள் மாற்றிப் பயனில்லை. அடுத்து பெடல் பக்க முனையையும் கழற்றி, கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுங்கள். சரசரவென்று உரசினாலோ ஓரிடத்தில் பிடித்தாலோ கேபிள்தான். இரண்டும் சரியென்றால் பெடலின் அச்சு காய்ந்திருக்கும். அங்கே மட்டும் கொஞ்சம் கிரீஸ் வைக்கலாம்.

கேபிளுக்குள் எண்ணெய் விடுவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய், பழைய எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் குழல் உள்ள கேபிள்கள் எண்ணெய் இல்லாமலே வழுக்கும்படி செய்யப்பட்டவை. எண்ணெய் விட்டால் உப்புத் தூசி ஒட்டிப் பசையாகும். அறுந்த இழையை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. ஓர் இழை அறுந்திருந்தாலும் புதுக் கேபிள் வாங்கிவிடுங்கள். அதிக விலையுள்ள பொருள் அல்ல. பழையதைக் கையில் எடுத்துப்போய் நீளமும் முனையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது பழைய கேபிள் போன வழியிலேயே போகட்டும். கூர்மையாக மடங்கக் கூடாது, சூடான சைலன்சர் குழாயைத் தொடக் கூடாது. எஞ்சின் பக்கம் இரண்டு நட்டுகள் இருக்கும். பெடல் மேலே இருக்கும்போது கம்பி சிறிதளவு தொய்வாக இருக்குமாறு அவற்றை இறுக்குங்கள். முழுக்க இழுத்துக் கட்டினால் வண்டி நிற்கும்போதும் எஞ்சின் இரையும். பிறகு வீட்டில் ஒருவரைப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லி, வால்வு முழுதாகத் திறந்து மூடுகிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினை ஓட்டுங்கள்.

பெடலுக்கு அடியில் கிடக்கும் மிதியடியையும் பாருங்கள். 2009ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், வேறு மாடலுக்கான ரப்பர் மிதியடி ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு ஒரே காரில் நான்கு பேர் இறந்தார்கள். அது புதுமாடல் கார். கேபிள் கோளாறே இல்லை. நம்மில் சிலர் வீட்டுக் கால்மிதியை வெட்டிப் போட்டிருக்கிறோம்.

ஓடும்போது பெடல் சிக்கினால் குனிந்து கையால் இழுக்காதீர்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். எஞ்சின் இரையட்டும், பயப்படாதீர்கள். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் விட்டு விட்டு மிதித்தால் பிரேக்கும் கனத்துவிடும். வண்டி நின்ற பிறகு அணையுங்கள். ஓட்டத்தில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இதை ஒருமுறை நிறுத்திய வண்டியில் செய்துகாட்டுங்கள்.

புதுக் கேபிள் மாட்டி ஒரு வாரம் கழித்து அந்த இரண்டு நட்டுகளையும் மறுபடி பாருங்கள். உறை தன் இடத்தில் படிந்ததும் தொய்வு கொஞ்சம் கூடியிருக்கும்.