சுங்குடிச் சேலையை நேர்முகமாக வாங்குதல்

கொடைரோடு ரயில் நிலையத்திலிருந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் பாதையில், காந்திகிராமத்தை அடுத்துள்ளது சின்னாளபட்டி. கைத்தறிக்கும் சுங்குடிச் சேலைக்கும் பெயர் பெற்ற ஊர். இவ்வட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கல்யாணம், பொங்கல் முதலிய காலங்களில் துணி வாங்குகையில், தரகர் கைக்குச் செல்லும் பணத்தைத் தொழிலாளிக்கே சேர்ப்பிக்க இயலுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் பொருளை அறிதல் வேண்டும். கைமுடிச்சுச் சுங்குடியில், துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்ததும் அங்கே புள்ளி தோன்றும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே இவ்வேலையைச் செய்கின்றனர். மதுரைச் சுங்குடிக்கு 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அச்சால் புள்ளியிட்ட சேலைகளும் இதே பெயரில் விற்பனையாகின்றன. அவையும் உபயோகமான துணிகளே. விலைதான் வேறாக இருத்தல் வேண்டும். அச்சுப் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்கும். முடிச்சுப் புள்ளிகள் சற்றே கோணலாக, அளவில் வேறுபட்டுக் காணும். புதுச் சேலையில் முடிச்சின் சுருக்கமும் தங்கியிருக்கும். இக்கோணலைக் குறை என்று சொல்லி விலையைத் தாழ்த்துவோர் கைவேலைக்குரிய கூலியையே தாழ்த்துகின்றனர்.

நேரே சென்று வாங்கினால் மட்டும் போதுமா? போதாது. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை விவசாயிக்கு இது நன்கு தெரியும். கமிஷன் கடையில் முன்பணம் பெற்றவர் அக்கடைக்கே பூவைக் கொண்டுபோக நேரிடுகிறது. அதுபோலத் துணிக்கும் சாயத்துக்கும் பணம் கொடுப்பவரே சேலையின் விலையையும் தீர்மானிக்கிறார். ஆகவே முன்பணம் கொடாத நேர்க் கொள்முதல் பெயரளவில்தான் நேரானது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு நகைத் தொழிலாளரிடம் நேரே வாங்குவோருக்கும் இதே பிரச்சினை உண்டு. கைவினைஞர் கேட்டால், குறைந்தது பாதித் தொகையை வட்டியின்றி முன்னதாகத் தர வேண்டும் என்பது உலக நியாய வர்த்தக அமைப்பின் விதி.

பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுப்பது இருசாராருக்கும் நலம். நிறம், எண்ணிக்கை, விலை, முன்பணம், தவணை ஆகியவற்றைச் சீட்டில் எழுதி இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாயத் துணி உலரத் தாமதமாகும். பொங்கலுக்கு வேண்டுமாயின் புரட்டாசியிலேயே பேசி முடித்தல் நன்று. ரயில்வேயின் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ திட்டம் 2022-இல் தொடங்கியது. அதன்கீழ் நிலையங்களில் உள்ளூர்ப் பொருள்களுக்கு விற்பனையிடம் தரப்படுகிறது. கொடைரோட்டில் இறங்கிக் கொடைக்கானல் செல்லும் பிரயாணிகள் அநேகர். அவர்களிடம் நேரே விற்க விரும்பும் மகளிர் குழுவினருக்கு, அதற்கான மனுவைத் தயாரித்துக் கொடுக்கப் பஞ்சாயத்து அலுவலகம் உதவலாம்.