பிரெயில் புள்ளிகளும் கணிப்பொறி எண்களும்

பார்வையற்றோர் விரல் நுனியால் தடவிப் படிக்கும் எழுத்துமுறையை வகுத்தவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த லூயி பிரெயில் (1809–1852). குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்த அவர், தமது முறையை 1829-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். காகிதத்தில் மேடாக எழும்பும் அப்புள்ளிகள் கணிப்பொறியினுள் எவ்வாறு எண்களாகின்றன என்பதை இங்கு ஆராய்வோம்.

பிரெயில் கட்டம் ஒன்றில் ஆறு புள்ளிகளுக்கு இடமுண்டு. இடப்புற வரிசையில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும், வலப்புற வரிசையில் 4, 5, 6 என்றும் அவற்றிற்கு எண்ணிடுவது மரபு. ஒவ்வோர் இடத்திலும் புள்ளி இருக்கலாம், அல்லது இல்லாதிருக்கலாம். ஆகவே வெற்றுக் கட்டம் உட்பட 64 வடிவங்கள் கிடைக்கின்றன. கணிப்பொறியின் அடிப்படை அலகாகிய 'பிட்' என்பதும் 0 அல்லது 1 என்னும் இரு நிலைகளையே உடையது. இவ்வொற்றுமை கவனிக்கத்தக்கது.

பெரிய எழுத்துகள், இலக்கங்கள், குறியீடுகள் ஆகிய அனைத்திற்கும் தனித்தனி வடிவம் அளிக்க 64 போதாது. எனவே கணிப்பொறிக்கென அடியில் மேலும் ஒரு வரிசை சேர்க்கப்பட்டது. அதில் இடப்புறம் 7-ஆம் புள்ளியும், வலப்புறம் 8-ஆம் புள்ளியும் அமைந்தன. இதனால் வடிவங்கள் 256 ஆயின. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு முறை, 1999-இல் வெளியான தனது மூன்றாம் பதிப்பில் இவற்றிற்கு 10240 முதல் 10495 வரையிலான எண்களை ஒதுக்கியது.

இவ்வெண்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. 1 முதல் 8 வரையிலான புள்ளிகளுக்கு முறையே 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என மதிப்புகள் உள்ளன. எழும்பியுள்ள புள்ளிகளின் மதிப்புகளைக் கூட்டி, அத்துடன் 10240-ஐச் சேர்த்தால் போதும். உதாரணமாக, தமிழ்ப் பிரெயிலில் 'ம' என்பதற்கு 1, 3, 4 ஆகிய புள்ளிகள் வரும். அவற்றின் மதிப்பு 1 + 4 + 8 = 13; எனவே அதன் எண் 10253. 13 என்பதை இம்மதிப்புகளைக் கொண்டு வேறெவ்வகையிலும் பிரிக்க இயலாதாகையால், எண்ணிலிருந்து புள்ளிகளையும் பிழையின்றி மீட்கலாம். 7, 8 ஆகியவை இறுதியில் வருவதால், பழைய ஆறு புள்ளி வடிவங்கள் யாவும் முதல் 64 இடங்களில் ஒருசேர அமைந்துவிடுகின்றன.

இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. யூனிகோடு எண் வழங்கியிருப்பது புள்ளி வடிவத்திற்கே, எழுத்தின் ஒலிக்கன்று. 1, 4 என்னும் புள்ளிகள் ஆங்கிலத்தில் 'சி' என்னும் எழுத்து. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலின்படி தமிழில் 'ச'. எண்குறியை அடுத்து வந்தாலோ அதுவே 3 என்னும் இலக்கம். ஆகவே யூனிகோடு அதற்கு எம்மொழிப் பெயரையும் சூட்டாது, புள்ளிகளின் எண்களைக் கொண்டே பெயரிட்டுள்ளது.

இதன் விளைவு நடைமுறையில் முக்கியமானது. தமிழ்ப் பாடநூல் ஒன்றைப் புள்ளி எண்களாக மட்டும் சேமித்து வைத்தால், அது எம்மொழி என்பதை அவ்வெண்களிலிருந்து இயந்திரம் அறியாது; தமிழெழுத்தில் தேடும் சொல்லும் அதில் அகப்படாது. எனவே மூலத்தைத் தமிழ் எழுத்துகளிலேயே வைத்துக்கொண்டு, படிக்கும் வேளையில் புள்ளிகளாக மாற்றுவதே சிறந்தது. மாறாக, பிழைதிருத்தி முடிந்து அச்சுக்குச் செல்லும் கணிதம், இசைக்குறிப்பு போன்றவற்றை, பின்னர் சிறிதும் மாறாதிருக்கும் பொருட்டு, புள்ளி எண்களாகவே காப்பது பொருத்தமாகும்.

வெற்றுக் கட்டத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. 10240 என்னும் எண்ணுடைய அக்கட்டம் திரையில் வெற்றிடமாகத் தோன்றினும், சொற்களைப் பிரிக்கும் சாதாரண இடைவெளியின் எண் 32 ஆகும். கண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றே, கணிப்பொறிக்கோ வெவ்வேறு. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை இட்டால் சொற்களைத் தேடுவதும் எண்ணுவதும் பிழையாகும். பார்வையுள்ளவர் திரையில் கண்டுகொள்ள இயலாத பிழையாதலால், நூலைத் தயாரிப்போர் எண்ணைக் கொண்டே இதனைச் சரிபார்த்தல் வேண்டும்.