கங்கை டால்பினும் வயல் மருந்தும்

டால்பினை மீன் வகை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இது பசு, எருமையைப் போலக் குட்டி ஈன்று பாலூட்டும் விலங்காகும். நம் கடற்கரை மீனவர் இதனை ஓங்கில் என்பர். பெரும்பாலான டால்பின்கள் கடலில் வாழ்கின்றன. சில இனங்கள் ஆற்று நீரில் வாழ்கின்றன. கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளிலும் அவற்றின் துணையாறுகளிலும் காணப்படும் கங்கை டால்பின் அவற்றுள் ஒன்று. 2009-ஆம் ஆண்டில் இது தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது.

உடலமைப்பு

பெண் டால்பின் சுமார் 2.5 மீட்டர் நீளம் வரை வளரும். ஆண் அதைவிடச் சிறியது. நீண்டு ஒடுங்கிய வாயில் கூரிய பற்கள் உண்டு. செவுள் கிடையாது. நுரையீரலால் மூச்சு விடுவதால், ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். அப்போது எழும் மூச்சொலியைக் கொண்டே வடநாட்டில் இதற்குச் 'சூசு', 'சூன்ஸ்' என்ற பெயர்கள் ஏற்பட்டன.

ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அடுத்த ஈற்றுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே இதன் எண்ணிக்கை குறைந்துவிட்டால் மீண்டும் பெருகுவது எளிதன்று.

காதால் காணும் விலங்கு

கங்கை நீர் வண்டல் கலந்து கலங்கலாக ஓடுவது. அதில் கண்ணால் பயன் இல்லை. இந்த டால்பினின் சிறு கண்ணில் வில்லையே கிடையாது. வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டுமே அறியும். இக்குறையை ஒலி ஈடு செய்கிறது. மனிதர் காதுக்கு எட்டாத மிக நுண்ணிய ஒலியை இது இடைவிடாது எழுப்புகிறது. அவ்வொலி மீன்மேல் பட்டுத் திரும்புகையில், கீழ்த்தாடை வழியாக உட்காதை அடைகிறது. அதைக்கொண்டு இரை இருக்கும் இடத்தையும் தூரத்தையும் அறிந்துகொள்ளும். அடிமண்ணை ஒட்டி ஒருக்களித்து நீந்தி இரை தேடுவது இதன் தனி வழக்கம்.

மருந்து சேரும் விதம்

டி.டி.டி., பி.எச்.சி. போன்ற மருந்துகள் நீரில் எளிதில் கரைவதில்லை; கொழுப்பில் தங்கும். மழைநீரோடு ஆற்றில் சேர்ந்த மருந்து முதலில் நுண்ணுயிர்களில் ஏறும். அவற்றைத் தின்னும் சிறு மீனிலும், அதைத் தின்னும் பெரிய மீனிலும் படிப்படியாகச் செறிவு கூடும். கடைசியில் இருப்பது டால்பின். 1990-களில் வெளிவந்த ஆய்வுகளில், கங்கை டால்பின்களின் கொழுப்பில் இவ்விரு மருந்துகளின் எச்சமும் காணப்பட்டது. தாயின் பால் வழியே இது குட்டிக்கும் செல்லும். மீன் உண்ணும் மனிதரும் இதே வரிசையில்தான் இருக்கின்றனர்.

டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்த 1989-லும், பி.எச்.சி.க்கு 1997-லும் தடை வந்தது. ஆயினும் கவலை தீரவில்லை. சைபர்மெத்ரின் போன்ற செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் உடலில் அவ்வளவாகத் தங்குவதில்லை. ஆனால் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. மீன் மடிந்தால் டால்பினுக்கு இரை இல்லை.

இன்றைய நிலை

2021 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பில், நாட்டில் 6,327 ஆற்று டால்பின்கள் இருப்பதாகத் தெரிந்தது. இவற்றில் மூன்றைத் தவிர மற்றவை கங்கை டால்பின்கள். சீனாவின் யாங்சி ஆற்றில் 2006-ல் ஆறு வாரம் தேடியும் அவ்வாற்றுக்கே உரிய டால்பின் ஒன்றுகூடத் தென்படவில்லை. அணைகள், மீன் வலைகள், கழிவுநீர் ஆகியவையும் ஆற்று டால்பின்களுக்குப் பகையாகும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

கங்கைக் கரைக்குச் சொல்வது நம் ஆறு, ஏரி, குளங்களுக்கும் பொருந்தும்.

1. பூச்சியின் தாக்குதல் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டிய பிறகே மருந்து தெளிக்க வேண்டும்.

2. மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பதைத் தள்ளிப்போடவும்.

3. தெளிப்பானை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவக்கூடாது.

4. காலி டப்பாவை மும்முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலுக்குத் தெளித்துவிடவும். பின்னர் டப்பாவை வேறு எதற்கும் பயன்படாதவாறு துளையிட்டுவிடவும்.

5. வாய்க்கால் ஓரத்தில் சில அடி அகலத்துக்குப் புல் வளரவிட்டால், வழிந்தோடும் மண்ணும் மருந்தும் பெருமளவு தடைபடும்.