சார்காய்டோசிஸும் எலும்புகளும்

பீடி சுற்றும் பெண்ணுக்கு விரல் வீங்கினால் வேலையின் விளைவு என்கிறோம். குற்றாலச் சாரலில் மூட்டு வலித்தால் குளிரைக் குறை கூறுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆயினும் சார்காய்டோசிஸ் உள்ளவர்கள் இவற்றை அவ்வாறு ஒதுக்கிவிடலாகாது.

இந்நோயில் எதிர்ப்பாற்றல் அணுக்கள் ஆங்காங்கே திரண்டு, கிரானுலோமா எனப்படும் நுண்ணிய முடிச்சுகளாகின்றன. நுரையீரலும் நெஞ்சிலுள்ள நிணநீர்க் கணுக்களுமே மிகுதியாகப் பாதிக்கப்படும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது, புற்றுநோயும் அன்று. எலும்புகளை இது மூன்று வழிகளில் தாக்கலாம்.

முடிச்சுகள் எலும்பில் தோன்றுதல்: இது சிலருக்கே நேரும். கை, கால் விரல்களின் சிற்றெலும்புகளில் மிகுதி. எக்ஸ்ரே படத்தில் எலும்பு வலைப்பின்னல் போலத் தெரியும். பலருக்கு வலியே இராது. முதுகெலும்பு, இடுப்பெலும்புப் பாதிப்பை அறிய எம்.ஆர்.ஐ. உதவும். 1920இல் ஜெர்மானிய மருத்துவர் யூங்லிங் இத்தகைய விரல் எலும்பு மாற்றங்களை விவரித்தபோது, அவற்றைக் காசநோயின் ஒரு வகையென்றே கருதினார். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இம்மயக்கம் இன்றும் எழக்கூடும். இரண்டிற்கும் சிகிச்சை வேறு என்பதால்தான் திசுப் பரிசோதனையை வலியுறுத்துகிறோம்.

கால்சியம் மிகுதல்: வழக்கமாக வைட்டமின் டி-யைச் செயலூக்க நிலைக்கு மாற்றுவது சிறுநீரகம்; அதன் அளவையும் உடல் கட்டுப்படுத்தும். கிரானுலோமாவும் அம்மாற்றத்தைச் செய்கிறது, கட்டுப்பாடின்றி. அதனால் இரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியம் உயர்ந்து, சிறுநீரகக் கல் உண்டாகலாம். சிறுநீரகமே பழுதடையவும் கூடும். எனவே, "எலும்புக்கு நல்லது" என்று கடையில் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ண வேண்டாம். இரத்தப் பரிசோதனைக்குப் பின்னரே அவை தேவையா என முடிவு செய்யப்படும்.

மருந்தின் விளைவு: பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் நோயை அடக்கும், ஆனால் தொடங்கிய சில மாதங்களிலேயே எலும்பை மெலிவிக்கவும் தொடங்கும். சிலருக்கு இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைபடுவதும் உண்டு. அதற்காக மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

எலும்பு மெலிந்தோர் பேரருவியின் விசைக்கு நேர்கீழே நிற்பதையும், வழுக்குப் பாறையில் துணையின்றி நடப்பதையும் தவிர்க்கவும். எண்ணெய் தேய்த்துவிடுவோரை முதுகை மிதிக்கவோ நெட்டி முறிக்கவோ விட வேண்டாம்.

பராமரிப்போர் கவனிக்க வேண்டியவை: விரல் தடித்தல், இரவில் மிகும் முதுகுவலி, நடக்கையில் இடுப்பு அல்லது தொடையிடுக்கு வலி ஆகியன இருப்பின் விரைவில் மருத்துவரைக் காணுங்கள். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், குமட்டல், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவை கால்சியம் உயர்ந்ததன் அறிகுறிகளாகலாம்; அன்றே அழைத்து வாருங்கள். வரும்போது நாட்டு மருந்து உட்பட, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள்.