வாசலைக் காட்டும் குண்டூசி

தமிழ்நாட்டு நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கடற்கரை ஓரிடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த மூலையில் இருப்பது கோடியக்கரை. அதன் இருப்பிடம் ஏறத்தாழ வட அட்சரேகை 10.28 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 79.8 பாகை. இந்த இரண்டு எண்களையும் யாராவது இடம் மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும்? வட அட்சரேகை 79.8, கிழக்குத் தீர்க்கரேகை 10.28 என்பது ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளின் வடமேற்கு ஓரத்தில் விழும். கோடியக்கரைக்கு அனுப்பிய சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பனிக்கரடிதான் வாங்கிக்கொள்ள வேண்டும்!

இவ்வளவு பெரிய பிழையைக் கணிப்பொறி எளிதில் கண்டுபிடித்துவிடும். தொல்லை தருபவை சிறிய பிழைகளே.

கைப்பேசி வழியாக உணவு வரவழைக்கும் வழக்கம் இப்போது தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களிலும் பரவிவிட்டது. நாம் முகவரியை எழுதுகிறோம். கைப்பேசித் திரையில் உள்ள நிலப்படத்தில் ஒரு குண்டூசியையும் குத்துகிறோம். 'லொகேஷன்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உணவு கொண்டு வருபவருக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் இந்தக் குண்டூசியே. அது ஐம்பது மீட்டர் தள்ளி நின்றால், ஒரு மனிதர் வெயிலில் தெருத் தெருவாக அலைகிறார். அவருடைய பெட்ரோலும் நேரமும் வீணாகின்றன. அவசர வேளையில் 108 வண்டிக்கு வழி சொல்வதற்கும் இதே போன்ற குறியைத்தான் அனுப்புகிறோம் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த ஐம்பது மீட்டரின் மதிப்பு விளங்கும்.

முதலில் எண்களைப் பார்ப்போம். அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். எனவே தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதினால் 1.1 கிலோமீட்டர் அளவுக்கு இடத்தைக் குறிக்கலாம். மூன்று இலக்கம் என்றால் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் 1.1 மீட்டர். கைப்பேசிகள் ஆறு, ஏழு இலக்கங்கள்கூடக் காட்டுகின்றன. ஏழாவது இலக்கம் ஒரு சென்டிமீட்டரைக் குறிக்கும்! ஆனால் எழுதும் நுட்பம் வேறு, அளக்கும் துல்லியம் வேறு. சந்தைத் தராசில் நிறுத்த கத்தரிக்காயை 2.3471836 கிலோ என்று கணக்கில் எழுதினால் அது சரியான எடை ஆகிவிடுமா?

அப்படியானால் அளப்பது யார்? எப்படி?

இந்தக் கேள்விக்கும் தஞ்சை மண்ணுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1802-ஆம் ஆண்டு சென்னையில் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்பவர் இந்தியாவின் பெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாம் என்பது நீங்கள் வகுப்பில் படித்ததுதான். கோணம் அளக்க வேண்டுமானால் ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலை நாட்டில் குன்றின் மேல் ஏறிக்கொள்ளலாம். காவிரிச் சமவெளியிலோ குன்று இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கின்றன. ஆகவே லாம்டன் கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு வளைந்துவிட்டது. அவர் கூடாரத்திற்குள் அமர்ந்து பல வாரங்கள் பாடுபட்டு அதைச் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். வட்டம் வளைந்திருந்தால் கோணம் பிழை. கோணம் பிழையானால் ஊரே நிலப்படத்தில் இடம் மாறிவிடும்.

இன்று கோபுரங்களின் வேலையைச் செயற்கைக் கோள்கள் செய்கின்றன. ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. லாம்டன் கோணத்தை அளந்தார். கைப்பேசியோ தூரத்தை, அதுவும் காலத்தைக் கொண்டு அளக்கிறது. கோள் அனுப்பிய வானொலி அலை எப்போது புறப்பட்டது, எப்போது வந்து சேர்ந்தது என்று பார்த்து, அந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்குகிறது. ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் 300 மீட்டர் பிழை வந்துவிடும். கோளில் அணுக் கடிகாரம் உண்டு. உங்கள் கைப்பேசியில் அது இல்லை. இருக்கும் இடத்திற்கு மூன்று அளவுகள் தெரியாதவை, கடிகாரத்தின் பிழை நான்காவது. தெரியாதவை நான்கு என்றால் சமன்பாடுகளும் நான்கு வேண்டும். இதனால்தான் குறைந்தது நான்கு கோள்கள் தேவைப்படுகின்றன.

திறந்த வெளியில் நல்ல கைப்பேசி சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். வீட்டுக்குள் போனால் கதை மாறுகிறது. கான்கிரீட் கூரை அலையைத் தடுக்கிறது. எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை அதிக தூரம் பயணம் செய்ததால், கோள் தொலைவில் இருப்பது போல் கைப்பேசி ஏமாறுகிறது. கோள்களின் அலை சரியாகக் கிடைக்காவிட்டால் செல்பேசிக் கோபுரத்தையும் வைஃபையையும் கொண்டு ஊகிக்கிறது. நிலப்படத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிறிய வட்டம் ஒன்று விரிவதைப் பார்த்திருப்பீர்கள். "இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறேன்" என்று கைப்பேசி நேர்மையாகச் சொல்கிறது. நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

குண்டூசியே குத்தாமல் முகவரியை மட்டும் எழுதினால்? அப்போது கணிப்பொறி எழுத்தைப் படித்து இடத்தைத் தேட வேண்டும். டெல்டாவில் இது எளிதல்ல. கீழத்தெரு, மேலத்தெரு, வடக்குத்தெரு இல்லாத ஊர் இங்கே உண்டா? கோடியக்கரையைக் கோடிக்கரை என்றும் எழுதுவார்கள்; ஆங்கில எழுத்தில் அதற்கு மூன்று நான்கு வடிவங்கள். பக்கத்திலேயே கோடியக்காடு என்று வேறோர் ஊர். இத்தகைய குழப்பத்தைக் குறைக்கத்தான் அஞ்சல் துறை 1972 ஆகஸ்டு 15-ல் ஆறு இலக்கப் பின்கோடு முறையைக் கொண்டு வந்தது. சமஸ்கிருத அறிஞராகவும் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலாங்கர் என்னும் அதிகாரி அதை வகுத்தார். ஆனால் பின்கோடு அஞ்சல் நிலையத்தைத்தான் காட்டும், வீட்டை அல்ல. வேறு தடயம் கிடைக்காத கணிப்பொறி அந்தப் பின்கோட்டுப் பகுதியின் நடுப்புள்ளியில் குண்டூசியைக் குத்திவிடலாம். வேதாரண்யம் பக்கத்தில் அந்தப் புள்ளி உப்பளத்தின் நடுவிலோ சதுப்பிலோ விழக்கூடும்!

"தோப்புக்கு எதிரே" என்று அடையாளம் எழுதுவது நம் வழக்கம். மனிதருக்கு அது போதும். ஆனால் அடையாளங்களும் நிலையானவை அல்ல. சோழர் காலத்தது எனப்பட்ட கோடியக்கரையின் பழைய கலங்கரை விளக்கம் 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலையில் இடிந்து விழுந்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அட்சரேகையைப் புயல் சாய்ப்பதில்லை.

சரி, குண்டூசி மிகச் சரியாக வீட்டின் மேலேயே விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடியவில்லை. தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, கூடம், அடுக்களை, கிணறு, கொல்லை என்று நீண்டுகொண்டே போய், பின்புறச் சந்தில் முடியும். குண்டூசி கிணற்றடியில் நின்றால், வழிகாட்டும் கணிப்பொறி அதற்கு மிக அருகில் உள்ள சாலை எது என்று பார்க்கும். சந்துதான் அருகில்! வண்டி கொல்லைக் கதவின் முன் வந்து நிற்கும். ஆற்றின் இரு கரையிலும் சாலை ஓடும் ஊர்களில் இன்னும் மோசம். இருபது மீட்டர் பிழை குண்டூசியை அக்கரைக்குத் தூக்கிப் போடலாம். பாலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். எனவே குண்டூசி குத்த வேண்டிய இடம் வீட்டின் நடு அல்ல, வாசல்.

இந்த வாசலைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க ஓர் அழகான வழி உண்டு. பொட்டலத்தைக் கொடுத்தவுடன் அதைக் கொண்டு வந்தவர் தம் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அந்த நொடியில் அவர் நின்ற இடத்தைப் பதிவு செய்து வைக்கலாம். ஒரே வீட்டுக்கு ஏழு முறை உணவு வந்தது. வாசலிலிருந்து 2, 3, 4, 5, 6, 8 மீட்டர் தூரத்தில் ஆறு முறை பதிவாயிற்று. ஏழாம் முறை வந்தவர் அவசரத்தில் தெருமுனைத் தேநீர்க் கடையிலேயே, 420 மீட்டருக்கு முன்பே, பொத்தானை அழுத்திவிட்டார் என்று கொள்வோம். சராசரி என்ன? 448-ஐ 7-ஆல் வகுத்தால் 64 மீட்டர். ஒருவரின் அவசரம் வாசலையே நகர்த்திவிட்டது! இடைநிலை அளவை எடுங்கள்: வரிசையில் நடுவில் நிற்பது 5 மீட்டர். தேநீர்க் கடை காணாமல் போயிற்று. புள்ளியியல் பாடத்தில் இடைநிலை அளவு எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

2025-ல் அஞ்சல் துறை, ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துடனும் தேசியத் தொலையுணர்வு மையத்துடனும் சேர்ந்து உருவாக்கிய டிஜிபின் என்னும் முறையை வெளியிட்டது. இந்தியாவை உள்ளடக்கிய 36 பாகைச் சதுரம் ஒன்று, அதில் நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து அல்லது எண். கோடியக்கரை அடி வரிசையில் இரண்டாம் கட்டத்தில், அதாவது 'எம்' கட்டத்தில் விழுகிறது. அந்தக் கட்டத்தை மீண்டும் பதினாறாகப் பிரித்தால் மேல் வரிசையின் கடைசிக் கட்டம், அது '8'. இப்படிப் பத்து முறை பிரித்தால் கட்டத்தின் பக்கம் சுமார் 4 மீட்டர் ஆகிவிடும். பத்து எழுத்தில் ஒரு வாசல்! ஆனால் கவனியுங்கள்: இது வெறும் கணக்கு. கைப்பேசி இருபது மீட்டர் தவறாக அளந்தால், டிஜிபின் பக்கத்து வீட்டின் பத்து எழுத்தைப் பிசகாமல் கொடுக்கும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். வாசல், கூடம், கொல்லை ஆகிய மூன்று இடங்களில் நின்று, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை, சில நிமிட இடைவெளியில், கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்திலிருந்து இடைநிலை அளவை எடுங்கள். நம் பகுதியில் அட்சரேகை ஒரு பாகைக்கு 1,10,600 மீட்டர் என்றும் தீர்க்கரேகை ஒரு பாகைக்கு 1,09,500 மீட்டர் என்றும் கொள்ளலாம். பித்தாகரஸ் தேற்றத்தைக் கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, பிறகு அளவு நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் ஐந்து அளவுகளும் அதிகம் சிதறுகின்றன என்பதையும் எழுதி வையுங்கள்.